எஞ்சின்எக்ஸில் விட்டுப்போன ஒரு சாய்கோடு: ஏலியாஸ் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி

எஞ்சின்எக்ஸ் (nginx) வலை சர்வரில் படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை நேரடியாகத் தருவதற்கு மூன்று வரி எழுதினால் போதும். அந்த மூன்று வரியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனால், அந்தக் கோப்புறைக்கு ஒரு படி மேலே இருக்கும் அத்தனையும் ஊருக்குத் திறந்துவிடும். கடவுச்சொல் கோப்பு, தரவுத்தளம், மூல நிரல், கிட் வரலாறு (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவு) எதுவும் மிஞ்சாது. தளம் வழக்கம்போல ஓடும், பிழைச் செய்தி வராது, எரர் லாகிலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இது ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது.

புதிய பதிப்பு போட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஏலியாஸ் என்பது, ஒரு முகவரிக்கு டிஸ்கில் எந்தக் கோப்புறை என்று சொல்லும் வரி. அதை இப்படித்தான் கையாளும் என்பது எஞ்சின்எக்ஸின் வடிவமைப்பு. நாம் எழுதிய கன்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) நாமேதான் திருத்த வேண்டும்.

கீழே கட்டளைகளையும் பாதைகளையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். சர்வரில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். புள்ளி, சாய்கோடு, அரைப்புள்ளி எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்க வேண்டும்.

ஓட்டை எங்கே இருக்கிறது

ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதிய ஒரு கடைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். நிரல் முழுவதும் /ஆப்ட்/கடை/ என்ற கோப்புறையில் இருக்கிறது. அதற்குள் ஸ்டாட்டிக் என்ற கோப்புறை, பக்கத்திலேயே ரகசியச் சாவிகள் உள்ள .என்வ் கோப்பு, தரவுத்தளமான டிபி.எஸ்க்யூலைட்3, .கிட் கோப்புறை, செட்டிங்ஸ்.பை இருக்கும் உள் கோப்புறை. கன்ஃபிக்கில் இப்படி இருக்கிறது:

லொகேஷன் /ஸ்டாட்டிக் {
    ஏலியாஸ் /ஆப்ட்/கடை/ஸ்டாட்டிக்/;
}

கோரிக்கை வந்ததும் எஞ்சின்எக்ஸ் செய்வது எளிய வெட்டி ஒட்டும் வேலை. லொகேஷனில் உள்ள எழுத்துகளை முகவரியின் தொடக்கத்திலிருந்து வெட்டுகிறது, அந்த இடத்தில் ஏலியாஸில் உள்ள பாதையை ஒட்டுகிறது. /ஸ்டாட்டிக்/லோகோ.பிஎன்ஜி என்று கேட்டால், வெட்டியபின் மிஞ்சுவது /லோகோ.பிஎன்ஜி. ஒட்டினால் /ஆப்ட்/கடை/ஸ்டாட்டிக்//லோகோ.பிஎன்ஜி. நடுவில் இரண்டு சாய்கோடு வந்தாலும் லினக்ஸ் கண்டுகொள்ளாது, படம் வந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாமும் நகர்ந்துவிடுவோம்.

இப்போது ஒருவர் /ஸ்டாட்டிக்../.என்வ் என்று கேட்கிறார். இதுவும் /ஸ்டாட்டிக் என்றுதான் தொடங்குகிறது, ஆகவே லொகேஷன் பொருந்திவிடும். வெட்டியபின் மிஞ்சுவது ../.என்வ். ஒட்டினால் /ஆப்ட்/கடை/ஸ்டாட்டிக்/../.என்வ், அதாவது /ஆப்ட்/கடை/.என்வ். கோப்பு அப்படியே போய்விடும்.

முகவரியில் வரும் இரட்டைப் புள்ளியை எஞ்சின்எக்ஸ் முதலிலேயே களைந்துவிடுமே என்று கேட்கலாம். களையும்தான். ஆனால் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே இரட்டைப் புள்ளி மட்டும் தனியாக நின்றால்தான் களையும். 'ஸ்டாட்டிக்..' என்பது அதன் கண்ணுக்கு முறையான ஒரு கோப்புறைப் பெயர், அதைத் தொடாது. வெட்டி ஒட்டிய பிறகுதான் இரட்டைப் புள்ளி தனியாகிறது. அதற்குள் களையும் கட்டம் முடிந்துவிட்டது.

இந்த வழியில் ஒரே ஒரு படிதான் மேலே ஏற முடியும். /ஸ்டாட்டிக்../../ என்று எழுதினால் இரண்டாவது இரட்டைப் புள்ளி தனியாக நிற்பதால் களையும் கட்டத்தில் சிக்கிவிடும். ஆனால் ஒரு படி ஏறிய பிறகு கீழே எவ்வளவு ஆழமும் இறங்கலாம்: /ஸ்டாட்டிக்../கடை/செட்டிங்ஸ்.பை, /ஸ்டாட்டிக்../.கிட்/கன்ஃபிக். நிரலின் வேர்க் கோப்புறைக்குள்ளேயே ஸ்டாட்டிக்கை வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஆகவே ஒரு படி போதும்.

அப்பாச்சி என்ற இன்னொரு வலை சர்வரிலிருந்து எஞ்சின்எக்ஸுக்கு வந்தவர்கள் இதில் எளிதாக விழுவார்கள். அப்பாச்சியின் ஏலியாஸ் பாதையின் முழுத் துண்டுகளை மட்டுமே ஒப்பிடும். அங்கே /இமேஜ் என்று எழுதினால் /இமேஜ்ஃபூ பொருந்தாது. எஞ்சின்எக்ஸின் முன்னொட்டு லொகேஷன் வெறும் எழுத்து ஒப்பீடு. துண்டு எங்கே முடிகிறது என்று பார்ப்பதில்லை.

2018 பிளாக் ஹாட் மாநாட்டில் தைவான் ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் இதைப் பலரும் அறியும்படி எடுத்துக்காட்டினார். அதன் பிறகும் தீரவில்லை. 2023இல் பிட்வார்டன் கடவுச்சொல் பெட்டகத்தைச் சொந்த சர்வரில் நிறுவும் கன்டெய்னரில் (எல்லாம் சேர்த்துக் கட்டிய மென்பொருள் பொதியில்) இதே பிழை இருந்தது வெளியாகித் திருத்தப்பட்டது. அங்கே அட்டாச்மென்ட்ஸ் லொகேஷனில் சாய்கோடு இல்லை, ஒரு படி மேலே பெட்டகத்தின் தரவுத்தளக் கோப்பு இருந்தது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களின் கண்ணிலும் தப்பிய பிழை இது.

நான்கு வகை, நான்கு விளைவு

சாய்கோடு இரண்டு இடத்தில் வரலாம்: லொகேஷனின் முடிவில், ஏலியாஸின் முடிவில். எந்த இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்தால்தான் திருத்தும்போது இன்னொரு பிழையை வைக்காமல் இருப்போம்.

லொகேஷனில் இல்லை, ஏலியாஸில் உண்டு: மேலே பார்த்த ஓட்டை.

இரண்டிலும் இல்லை: ஒரு படி ஏற முடியாது. ஏனென்றால் /ஆப்ட்/கடை/ஸ்டாட்டிக்../ என்ற பெயரில் கோப்புறை கிடையாது. ஆனால் அதே எழுத்துகளில் தொடங்கும் பக்கத்துக் கோப்புறைகள் திறந்துவிடும். /ஸ்டாட்டிக்-பழையது/ என்று கேட்டால் /ஆப்ட்/கடை/ஸ்டாட்டிக்-பழையது/ போகும். மீடியா கோப்புறைக்குப் பக்கத்தில் யாரோ அவசரத்தில் எடுத்து வைத்த மீடியா.ஜிப் இருந்தால் அதுவும் போகும்.

லொகேஷனில் உண்டு, ஏலியாஸில் இல்லை: தகவல் கசிவை விட முதலில் தளம் உடையும். /ஸ்டாட்டிக்/லோகோ.பிஎன்ஜி என்பது /ஆப்ட்/கடை/ஸ்டாட்டிக்லோகோ.பிஎன்ஜி ஆகிவிடும், எல்லாப் படமும் 404 (கோப்பு இல்லை). அவசரத்தில் இருப்பவர் இந்த நிலையில் ஒரு சாய்கோட்டைச் சேர்ப்பதற்குப் பதில் இருக்கும் சாய்கோட்டையும் எடுத்துவிடுவார். படங்கள் வந்துவிடும், அவரும் போய்விடுவார். பல ஓட்டைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

இரண்டிலும் உண்டு: இதுதான் சரி.

உங்கள் கன்ஃபிக்கில் தேடுவது

கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காதீர்கள். எஞ்சின்எக்ஸ் உண்மையில் எதைப் படிக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்:

சூடோ எஞ்சின்எக்ஸ் -டி

இதில் 'டி' பெரிய எழுத்து. சிறிய எழுத்தானால் கன்ஃபிக்கைச் சரிபார்ப்பதோடு நிறுத்திவிடும். பெரிய எழுத்து, இன்க்ளூட் செய்த எல்லாக் கோப்புகளையும் சேர்த்து முழுக் கன்ஃபிக்கையும் கொட்டும். அதை ஒரு கோப்பில் சேமித்து, கிரெப் என்ற தேடும் கட்டளையால் ஏலியாஸ் வரும் வரிகளையும் ஒவ்வொன்றுக்கும் முந்தைய 5 வரிகளையும் எடுங்கள். ஏலியாஸ் சாய்கோட்டில் முடிந்து, அதன் லொகேஷன் சாய்கோட்டில் முடியாமல் இருக்கும் ஒவ்வொன்றும் ஓட்டை.

முழுக் கன்ஃபிக்கைக் கொட்டிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெபியன், உபுண்டுவில் சைட்ஸ்-எனேபிள்ட் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்பையும், பெயர் புள்ளியில் தொடங்காத வரை, எஞ்சின்எக்ஸ் படிக்கும். திருத்துவதற்கு முன் அங்கேயே எடுத்து வைத்த நகலும் ஏற்றப்படும். இரண்டு கோப்பிலும் ஒரே தளப் பெயர் இருந்தால் முதலில் ஏற்றியதுதான் நிற்கும், மற்றது எச்சரிக்கையோடு புறக்கணிக்கப்படும். நீங்கள் திருத்திய கோப்பு புறக்கணிக்கப்பட்டதாக இருந்தால் ஓட்டை அப்படியே இருக்கும். நகலை வேறு கோப்புறைக்கு மாற்றுங்கள்.

ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறிமுறை) லொகேஷனையும் விடாதீர்கள். ^/ஸ்டாட்டிக்(.*)$ என்று பிடித்து, ஏலியாஸில் ஸ்டாட்டிக்/ என்பதற்குப் பின் $1 ஒட்டினால் அதே கதைதான்: அடைப்புக்குள் ../.என்வ் சிக்கும். ^/ஸ்டாட்டிக்/(.*)$ என்று சாய்கோட்டை அடைப்புக்கு வெளியே வையுங்கள்.

கோரிக்கையை உள் சர்வருக்குக் கடத்தும் ப்ராக்ஸி பாஸுக்கும் இது பொருந்தும். லொகேஷன் /ஏபிஐ என்றும், ப்ராக்ஸி பாஸ் உள் சர்வரின் /வி1/ என்றும் இருந்தால், /ஏபிஐ../அட்மின் என்ற கோரிக்கை உள் சர்வருக்கு /வி1/../அட்மின் என்று போகும். உள் சர்வர் அதைக் களைந்து /அட்மின் பக்கத்தைக் கொடுக்கலாம்.

யாண்டெக்ஸ் வெளியிட்ட கிக்ஸி என்ற கருவி கன்ஃபிக்கைப் படித்து ஏலியாஸ் ஓட்டைகளைச் சுட்டும். பத்து இருபது தளங்கள் உள்ள சர்வரில் அது நேரம் மிச்சப்படுத்தும். ஒன்றும் சுட்டாவிட்டாலும் மேலே சொன்ன கிரெப்பை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

சோதிப்பது: ரகசியக் கோப்பைத் தொடாமல்

உங்கள் சொந்த சர்வரில், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த சர்வரில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் தளத்தில் இந்த முகவரியைத் தட்டிப் பார்ப்பதே குற்றமாகலாம்.

.என்வ் கோப்பைக் கேட்டுச் சோதிப்பதுதான் பலரும் செய்வது. அது இரண்டு வகையில் தவறு. ஒன்று, ரகசியம் உங்கள் திரையிலும் நடுவில் உள்ள ப்ராக்ஸி, சிடிஎன் (கோப்புகளை நகலெடுத்து வைத்துத் தரும் இடைச் சேவை) கேஷிலும் போய் உட்காரும். இரண்டு, புள்ளியில் தொடங்கும் கோப்புகளைத் தடுக்கும் விதி ஏற்கெனவே இருந்தால் 403 (அனுமதி இல்லை) வரும், நீங்களும் பாதுகாப்பு என்று நினைத்துவிடுவீர்கள். செட்டிங்ஸ்.பையும் தரவுத்தளமும் திறந்தே கிடக்கும்.

நல்ல வழி, ஏற்கெனவே பொதுவில் இருக்கும் ஒரு கோப்பைச் சுற்றுவழியில் கேட்பது. ஒரு படி ஏறி, அதே கோப்புறைக்குள் திரும்ப இறங்குங்கள்:

/ஸ்டாட்டிக்/சிஎஸ்எஸ்/மெயின்.சிஎஸ்எஸ்
/ஸ்டாட்டிக்../ஸ்டாட்டிக்/சிஎஸ்எஸ்/மெயின்.சிஎஸ்எஸ்

இரண்டும் 200 (கோப்பு கிடைத்தது) என்று வந்து, ஒரே சிஎஸ்எஸ் வந்தால் ஓட்டை உறுதி. இரண்டாவது முகவரியில் இரட்டைப் புள்ளிக்குப் பின் வருவது டிஸ்கில் உள்ள கோப்புறையின் பெயர். முகவரியில் /அசெட்ஸ் என்றும் டிஸ்கில் ஸ்டாட்டிக் என்றும் இருந்தால் /அசெட்ஸ்../ஸ்டாட்டிக்/ என்று கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 404 வாங்கிவிட்டு ஓட்டை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

எதைக் கேட்டாலும் முகப்புப் பக்கத்தையே 200 என்று தரும் ஒற்றைப்பக்கச் செயலிகளில் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கன்டென்ட்-லெங்த் இரண்டுக்கும் ஒன்றா என்று பாருங்கள், உள்ளே வந்திருப்பது சிஎஸ்எஸ்தானா என்று பாருங்கள்.

முன்னால் சிடிஎன் அல்லது லோடு பேலன்ஸர் இருந்தால், கேள்வியை சர்வருக்கே நேராக அனுப்புங்கள். கர்ல் கட்டளையின் ரிசால்வ் தெரிவில் தளப் பெயரையும் 443ஐயும் 127.0.0.1ஐயும் கொடுத்தால் சான்றிதழ் குழப்பம் இல்லாமல் அந்த சர்வரிலிருந்தே சோதிக்கலாம். பாதையை மாற்றாதே என்று கர்லுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, 'ஸ்டாட்டிக்..' என்பதைக் கர்லோ பிரவுசரோ களைவதில்லை. முகவரிப் பட்டியில் தட்டத் தெரிந்த எவரும் எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பொருள்.

கோப்புறைப் பட்டியலைக் காட்டும் ஆட்டோஇண்டெக்ஸ் ஆன் என்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். /ஸ்டாட்டிக்../ என்று கேட்டாலே மேல் கோப்புறையின் பட்டியல் வந்துவிடும்.

அடைப்பது

லொகேஷனின் முடிவில் சாய்கோடு சேருங்கள்:

லொகேஷன் /ஸ்டாட்டிக்/ {
    ஏலியாஸ் /ஆப்ட்/கடை/ஸ்டாட்டிக்/;
}

கோப்புறையின் பெயரும் முகவரியும் இங்கே ஒன்றே. அப்படி ஒத்துவரும்போது ஏலியாஸே வேண்டாம், ரூட் போதும் என்று எஞ்சின்எக்ஸ் ஆவணமே பரிந்துரைக்கிறது. ரூட் எதையும் வெட்டுவதில்லை, முகவரி முழுவதையும் பின்னால் ஒட்டும்:

லொகேஷன் /ஸ்டாட்டிக்/ {
    ரூட் /ஆப்ட்/கடை;
}

இந்த ரூட் வரி லொகேஷனின் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை சர்வர் பிளாக்கில் மேலே தூக்கிவைத்து, டிரை ஃபைல்ஸ் $யூஆர்ஐ என்று சேர்த்தால், /மேனேஜ்.பை என்று கேட்டாலே கோப்பு இறங்கிவிடும். ஒரு படி ஓட்டையை அடைக்கப் போய் முழுக் கதவையும் திறந்த கணக்காகிவிடும்.

மாற்றியபின் சிறிய எழுத்து 'டி'யோடு சரிபார்த்து, பிறகு ரீலோடு செய்யுங்கள். கன்ஃபிக்கில் பிழை இருந்தால் எஞ்சின்எக்ஸ் பழைய கன்ஃபிக்கிலேயே தொடர்ந்து ஓடும். தளம் ஓடுகிறது என்பது திருத்தம் ஏறிவிட்டதற்குச் சான்றல்ல. மேலே சொன்ன இரண்டு முகவரியையும் மறுபடி கேளுங்கள்: முதலாவது 200, இரண்டாவது 404. இரண்டாவது இப்போது உங்கள் செயலிக்குப் போவதால், லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும் 302 வந்தாலும் சரிதான். கன்டெய்னரில் ஓடுகிறது என்றால் இமேஜில் உள்ள கன்ஃபிக்கைத் திருத்தி மறுபடி கட்டுங்கள். ஓடும் கன்டெய்னருக்குள் திருத்தியது, புதிய கன்டெய்னர் எழுந்ததும் காணாமல் போகும்.

இரண்டாவது அரண், ஸ்டாட்டிக்கை நிரலுக்கு வெளியே கொண்டுபோவது. ஜாங்கோவில் ஸ்டாட்டிக் ரூட்டை /வார்/ கீழே தனி இடத்துக்கு மாற்றி கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டுங்கள். நாளை யாராவது மறுபடி சாய்கோட்டை விட்டாலும் ஒரு படி மேலே எடுக்க ஒன்றும் இருக்காது. ஆனால் அங்கேயே பக்கத்தில் தனிப்பட்ட பதிவேற்றங்கள் உள்ள மீடியா கோப்புறையை வைத்தால் பயனில்லை. மேல் கோப்புறை காலியாக இருக்க வேண்டும்.

கோப்பு அனுமதியும் உதவும். .என்வ் கோப்பு 600 (உரிமையாளருக்கு மட்டும்) என்றும் அதன் உரிமையாளர் செயலியின் பயனர் என்றும் இருந்தால், கோரிக்கைகளைக் கையாளும் எஞ்சின்எக்ஸ் வொர்க்கரால் படிக்க முடியாது. ஸ்டாட்டிக் கோப்புக்கு 403 வருகிறது என்று வொர்க்கரின் பயனரைச் செயலியின் குழுவில் சேர்த்திருந்தால், 640 (குழுவும் படிக்கலாம்) என்று வைத்த எல்லாக் கோப்பும் அதற்குத் திறந்திருக்கிறது. குழுவிலிருந்து நீக்கிவிட்டு, ஸ்டாட்டிக் கோப்புறைக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுங்கள்.

புள்ளிக் கோப்புகளைத் தடுக்கும் ரெஜெக்ஸ் விதியும் நல்லதுதான், ஆனால் ஸ்டாட்டிக் லொகேஷனுக்கு முன் ^~ குறி இருந்தால் ரெஜெக்ஸ் பார்க்கப்படவே படாது.

ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்ப்பது

முதலில் லாகுகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். டெபியன், உபுண்டுவில் பொதுவாக 14 நாள் லாகுதான் மிஞ்சும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் ஒரு நாள் அழிந்துவிடும். சர்வரை இந்தியாவில் நடத்துகிறீர்கள் என்றால் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தகவல் கசிவைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஆக்சஸ் லாகில் கோரிக்கை வந்தபடியே பதிவாகும், களைந்த பிறகு அல்ல. ஆகவே லொகேஷன் பெயருக்குப் பின் இரட்டைப் புள்ளியையும் தேடுங்கள், அதன் சதவீதக் குறி வடிவத்தையும் தேடுங்கள்: %2 உடன் 'ஈ' எழுத்து, சிறியதும் பெரியதும். ஒரு புள்ளி மட்டும் சதவீதக் குறியில் வரவும் கூடும். அழுத்தி வைத்த பழைய லாகுகளுக்கு இஸட்கிரெப்.

கிடைத்த வரிகளில் 404 வெறும் முயற்சி. 403 என்றால் கோப்பு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். 200, 206 (கோப்பின் ஒரு பகுதி) இரண்டும் கசிவு. அனுப்பிய பைட் எண்ணிக்கையை டிஸ்கில் உள்ள கோப்பின் அளவோடு ஒப்பிட்டால் முழுதாகப் போனதா, பாதி போனதா என்று தெரியும்.

ஒன்றும் கிடைக்கவில்லையா? அந்த லொகேஷனுக்குள் ஆக்சஸ் லாக் ஆஃப் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டிஸ்கை மிச்சப்படுத்த ஸ்டாட்டிக்குக்கு லாகை நிறுத்துவது ரொம்பப் பரவலான வழக்கம். அப்படியென்றால் தடயமே இருக்காது. முன்னால் சிடிஎன் இருந்தால் அதன் லாகைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லாம் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

சாவிகளை மாற்றுவது

ஓட்டையை அடைத்த பிறகே சாவிகளை மாற்றுங்கள். முந்தினால் புதிய சாவியும் அதே வழியில் போகும். சிடிஎன் கேஷையும் காலி செய்யுங்கள்.

தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல் அனுப்பும் கணக்கு, பேமென்ட் கேட்வே சாவி, கிளவுட் சாவி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கிளவுட் சாவியில் புதியதை உருவாக்குவதோடு நிற்காமல் பழையதை அழியுங்கள். .கிட் திறந்திருந்தால், எப்போதோ கமிட் செய்து பிறகு நீக்கிய சாவிகளும் வரலாற்றில் இருக்கும். பட்டியல் எடுக்கும்போது இன்றைய .என்வ் கோப்பை மட்டும் பார்க்காதீர்கள்.

ஜாங்கோவின் சீக்ரெட் கீ போயிருந்தால், கையொப்பமிட்ட குக்கீகளையும் கடவுச்சொல் மீட்பு இணைப்புகளையும் போலியாகத் தயாரிக்கும் வழி திறக்கும். அதை மாற்றும்போது, பயனர்கள் வெளியேற்றப்படக் கூடாது என்று பழைய சாவியை சீக்ரெட் கீ ஃபால்பேக்ஸ் பட்டியலில் போடாதீர்கள். ஜாங்கோ 4.1இல் வந்த அந்த வசதி வழக்கமான சாவி மாற்றத்துக்கு உரியது. கசிந்த சாவியை அதில் போட்டால் அது இன்னும் செல்லும்.

எஸ்க்யூலைட் கோப்பே போயிருந்தால் பயனர்களின் கடவுச்சொல் ஹாஷ்களோடு (மறைகுறி வடிவங்களோடு) செஷன் அட்டவணையும் (உள்ளே இருக்கும் பயனர்களின் பதிவு) போயிருக்கும். ஹாஷை உடைக்க நேரம் பிடிக்கும், செஷன் சாவிக்கு அதுகூட வேண்டாம். குக்கீயில் ஒட்டினால் அந்தப் பயனராகவே உள்ளே போகலாம். ஆகவே செஷன்களை முதலில் அழித்துவிட்டு, பிறகு கடவுச்சொல் மாற்றச் சொல்லுங்கள். கிளியர்செஷன்ஸ் கட்டளையை ஓட்டிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அது காலாவதியானவற்றை மட்டும்தான் நீக்கும், திருடியவருக்குப் பயன்படும் உயிருள்ள செஷன்கள் அப்படியே இருக்கும். ஜாங்கோ ஷெல்லில் செஷன் மாடலின் எல்லாப் பதிவுகளையும் நீக்கி, எண்ணிக்கை 0 என்று வருகிறதா பாருங்கள்.